விளையில் நிற்கும் தடியை வெட்டாமலே கணக்கிட முடியுமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம் 1 ஏக்கர் 40 சென்ட் விளை, அதாவது தோட்டம். அப்பா நட்ட ரப்பர் 240 மூடு (மரம்), பால் வற்றி வெட்டும் பருவத்தில் நிற்கிறது. எல்லையோரம் 11 தேக்கு, 3 அயினி, ஒரு பலா. தடி வியாபாரி, அதாவது மர வியாபாரி, ஒருவர் கால் மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்து மொத்தமாக ஒரு தொகை சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை முன்பணத்தோடு வருவதாகப் பேச்சு. அதற்குள் எத்தனை கன அடி தேறும் என்று நாமே கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில் ஒரு குத்தலும் உண்டு: ஒரு விளைக்கே கணக்குத் தெரியவில்லை, நாட்டுக் காடுகளில் இத்தனை கோடி கன மீட்டர் மரம் என்று அரசாங்கம் சொல்வது மட்டும் எப்படி, சும்மா அடித்துவிடுகிறார்களா? எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. ஒருவர் ஒரு எண்ணைச் சொல்கிறார். அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம் நம்பலாம்?

27 வருஷம் காட்டு மர அளவெடுப்பில் இருந்தவன் நான். கூடாரமும் நாடாவும் பதிவேடுமாகப் பல மலைகளில் கிடந்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு குலசேகரம், திற்பரப்பு பக்கம் தெரிந்தவர்கள் கூப்பிட்டால் போய் அவர்கள் விளையில் நாடா பிடித்துக் கொடுக்கிறேன். விலை மட்டும் சொல்வதில்லை. அது வாரத்துக்கு வாரம் மாறும், லாரி உள்ளே வருமா, தலைச்சுமையாக எவ்வளவு தூரம் கொண்டுவர வேண்டும் என்பதைப் பொறுத்தும் மாறும். அளவு மாறாது. அளவைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முடியும் என்பதுதான் பதில். இரண்டு ஆள், ஒரு நாடா, ஒரு நோட்டு, அரை நாள் போதும். மரத்தின் சுற்று உறுதியாகத் தெரியும். பயன்படும் நீளம் ஓரளவு உறுதியாகத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்பது வாள் விழும்வரை யாருக்கும் தெரியாது, வியாபாரிக்கும்தான். அவர் சொல்லும் தொகையில் அந்தச் சந்தேகத்துக்கு ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் சொல்லுவார். அது தப்பில்லை. எவ்வளவு கழித்தார் என்று தெரிந்துகொள்வதுதான் உங்கள் வேலை.

சுற்றை எங்கே எடுப்பது? மார்பளவு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டர், நாலரை அடி. இந்தியா முழுக்க இதுதான் வழக்கம். சரிவில் நிற்கும் மரமென்றால் மேட்டுப்பக்கம் நின்று அளக்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் நின்றால் நாலரை அடி என்பது மூட்டின் பருத்த பகுதியிலேயே வந்து விழும். நாலரை அடிக்குக் கீழேயே இரண்டாகப் பிரிந்த மரத்தை இரண்டு மரமாக எழுதுங்கள். சாய்ந்த மரத்தில் நாடா தண்டுக்குக் குறுக்கே போக வேண்டும், தரைக்கு இணையாக அல்ல. நல்லமிளகுக் கொடி, பாசி எல்லாவற்றையும் விலக்கிவிட்டு நாடாவைப் பட்டையோடு ஒட்டிப் பிடியுங்கள். தையல்காரர் நாடா வேண்டாம், ஒரு வருஷத்தில் அது நீண்டுவிடும். ரப்பரில் இன்னொரு குழப்பம் உண்டு. பால் வெட்டத் தொடங்கலாமா என்று பார்க்க ஒட்டுக்கு மேலே 125 சென்டிமீட்டரில் 50 சென்டிமீட்டர் சுற்று வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். உங்கள் அப்பாவின் பழைய நோட்டில் இருக்கும் சுற்றெல்லாம் அந்த அளவாகத்தான் இருக்கும். இதோடு அதைக் கலக்காதீர்கள். வெட்டுத் தழும்பு முண்டு முண்டாக வீங்கியிருந்தால் வீக்கத்துக்கு மேலே அளந்து, எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள்.

சுற்றில் ஏன் இவ்வளவு கறார் என்றால், கணக்கில் அது தன்னாலேயே பெருகும். சுற்றில் நூற்றுக்கு 5 பிசகினால் கன அளவில் நூற்றுக்கு 10 பிசகும். நீளத்தில் 5 பிசகினால் 5தான்.

இனி கணக்கு. தடி டிப்போக்களில் பரவலாக இருப்பது கால்சுற்று முறை. நடுச்சுற்றை நாலால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. சுற்று அங்குலத்திலும் நீளம் அடியிலும் இருந்தால் சுற்று × சுற்று × நீளம் ÷ 2304 என்று போட்டால் நேராகக் கன அடி வரும். உங்கள் தேக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மார்பளவில் 48 அங்குலம், முதல் கிளை வரை 18 அடி, மேல் முனையில் 32 அங்குலம், நடுவில் 40 அங்குலம் என்று வையுங்கள். நடுச்சுற்றை வைத்துப் போட்டால் 12.5 கன அடி. விற்கிறவர் ஆசையில் மார்பளவுச் சுற்றையே நீளம் முழுக்கப் போட்டால் 18 கன அடி. வாங்குகிறவர் மேல் முனைச் சுற்றைப் போட்டால் 8 கன அடி. மரம் ஒன்று, நாடா ஒன்று, மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. 8க்கும் 18க்கும் நடுவே இருக்கும் அந்தப் பத்துக் கன அடியில்தான் மொத்த வியாபாரமும் நடக்கிறது. அதனால் விலை பேசுமுன் கேட்க வேண்டியது "சுற்று எங்கே பிடிப்பீர்கள்?" என்பதுதான்.

கால்சுற்று முறையே ஏமாற்று என்று சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அது பாதிதான் சரி. வட்டத்தின் உண்மையான பரப்பை வைத்துக் கணக்கிட்டால் அதே தேக்கு 15.9 கன அடி வரும், கால்சுற்று 12.5 என்கிறது. உண்மையில் நூற்றுக்கு 78.5 பங்கைத்தான் அது காட்டும், எல்லா மரத்திலும் இதே விகிதம். மீதியை அறுக்கும்போது போகும் பக்கச் சீவலுக்கும் தூளுக்குமாக முன்னமே கழித்துவிட்ட முறை அது. டிப்போவில் கன அடி விலை சொல்வதும் அந்தக் குறைந்த கன அடிக்குத்தான் என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. தகராறு எங்கே வருமென்றால், ஒரு முறையில் அளந்து இன்னொரு முறைக்கான விலையைப் போடும்போது. இணையத்தில் ஏதோ ஒரு கணக்குப் பெட்டியில் எண்ணைத் தட்டி முழு உருளைக் கணக்கில் கன அடி எடுத்து, அதை டிப்போவின் கால்சுற்று விலையால் பெருக்கி, "என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்று வந்தவர்களும் உண்டு, நிஜமாகவே ஏமாந்தவர்களும் உண்டு. கன மீட்டரில் வேண்டுமென்றால் 35.3 கன அடி ஒரு கன மீட்டர். ஆனால் எந்தக் கன அடி என்று சொல்லாமல் அதையும் மாற்றக் கூடாது.

பட்டை அடுத்த விஷயம். அரை அங்குலப் பட்டை என்றால் சுற்றில் மூன்று அங்குலத்துக்கு மேல் போய்விடும். அந்த 40 அங்குலம் 37 ஆகும், 12.5 கன அடி 10.7 ஆகும். தேக்கில் பட்டையைக் கழிப்பதா இல்லையா என்று முதலிலேயே பேசிவையுங்கள். வெட்டின பிறகு பேசினால் பேச்சு அவர் பக்கம்தான் முடியும்.

உங்கள் அயினிகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அயினி கதவுநிலைக்கும் உத்தரத்துக்கும் வள்ளத்துக்கும் கேட்டுவாங்கும் தடி. பருமனான அயினியைப் பார்த்தால் கை தானாகவே பெரிய எண்ணை எழுதும். நானும் எழுதியிருக்கிறேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம், பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு முகாம். ஒன்பது அடிச் சுற்றில் ஒரு அயினி. நான் நாடா பிடித்து, உயரம் பார்த்து, பெருமையாக எண்ணைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டேன். கூட வந்த காணிக்காரப் பழங்குடிப் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. வெட்டுகத்தியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் மரத்தை இடுப்பளவில் நாலு பக்கமும் தட்டிக்கொண்டு வந்தார். மூன்று பக்கம் "ணங்" என்றது. நாலாவது பக்கம் குடத்தைத் தட்டின மாதிரி ஒரு சத்தம். அண்ணாந்து பார்த்து, ஒடிந்த கிளையின் தழும்பிலிருந்து கறுப்பாக நீர் வழிந்த தடத்தைக் காட்டினார். அங்கிருந்து அடி வரைக்கும் பொந்து. நாடாவுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் தெரியும். அதிலிருந்து பழைய அயினி, பலா, மா எதுவாக இருந்தாலும் தட்டிப் பார்க்காமல் நான் எழுதுவதில்லை. தட்டினால் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். பெரிய பொந்து சத்தத்தில் தெரியும். உள்ளே தொடங்கியிருக்கும் உளுப்பு தெரியாது. தேக்கில் வைரம் (உள்ளே இருக்கும் உறுதியான கட்டை) எவ்வளவு, வெள்ளை (அதைச் சுற்றியுள்ள மென்கட்டை) எவ்வளவு என்பதும் வெளியிலிருந்து தெரியாது. ஒரே சுற்றுள்ள இரண்டு தேக்கில், தண்ணீர்க் காலோரம் வேகமாகப் பருத்ததிலும் பாறைமேட்டில் மெல்ல வளர்ந்ததிலும் வைரம் ஒன்றுபோல் இருக்காது.

நீளத்துக்கு வருவோம். வியாபாரத்துக்கு மரத்தின் முழு உயரம் வேண்டியதில்லை; முதல் பெரிய கிளை வரை, அல்லது தடி என்று ஏற்கும் குறைந்தபட்சச் சுற்று வரை உள்ள நீளம் போதும். அதற்கு ஒரு கம்பு போதும். கையை நீட்டிக் கம்பைச் செங்குத்தாகப் பிடியுங்கள். கண்ணிலிருந்து கைப்பிடி வரை எவ்வளவு தூரமோ, பிடிக்கு மேலே அதே அளவு கம்பு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மரத்தின் அடி உங்கள் பிடிக்கு நேராகவும், நீங்கள் பார்க்கும் கிளை கம்பின் நுனிக்கு நேராகவும் வரும்வரை பின்னால் நடங்கள். அப்போது உங்களுக்கும் மரத்துக்கும் இடையில் உள்ள தூரம்தான் அந்த உயரம். சமதளத்தில் இது நன்றாகவே வேலை செய்யும். சரிவில் ஏமாற்றும், அப்படி இருந்தால் சரிவுக்குக் குறுக்கே, மரம் நிற்கும் மட்டத்திலேயே நடந்து போய் நின்று பாருங்கள். போனில் உயரம் பார்க்கும் செயலிகள் தனியாக நிற்கும் மரத்துக்குச் சரி. கிளையும் கிளையும் கோத்த தோட்டத்தில் எந்த நுனி எந்த மரத்தினுடையது என்று அதற்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

240 மூடு ரப்பருக்கும் இப்படி உட்கார்ந்தால் ஞாயிறு தாண்டிவிடும். அதற்கு ஒரு குறுக்கு வழி. எல்லா மூட்டுக்கும் மார்பளவுச் சுற்றை மட்டும் எடுங்கள். அது ஓடிக்கொண்டே எடுக்கக்கூடியது. முழு அளவு 20 மூட்டுக்குப் போதும். எந்த இருபது? 1 முதல் 12 வரை சீட்டெழுதிக் குலுக்கி ஒன்றை எடுங்கள். 7 வந்தால் 7ஆவது மூடு, அப்புறம் 19, 31 என்று வரிசையாக ஒவ்வொரு பன்னிரண்டாவது மூடும். கண்ணுக்கு நல்லதாகப் பட்டதை எடுக்கவே கூடாது. மனசு எப்போதும் நேராக வளர்ந்த மரத்துக்குத்தான் போகும். இந்த இருபதுக்கும் ஏணி வைத்து நடுச்சுற்று, நீளம் எல்லாம் எடுத்துக் கன அடி போடுங்கள். கூட்டினால் 130 கன அடி என்று வந்தது என்போம். அதே இருபதின் மார்பளவுச் சுற்றை, ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கிக் கூட்டினால் 26,000. 130ஐ 26,000ஆல் வகுத்தால் 0.005. மொத்தம் 240 மூட்டுக்கும் சுற்றை அதேபோல் பெருக்கிக் கூட்டியது 3,10,000 என்றால், 0.005ஆல் பெருக்க 1,550 கன அடி. எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் விளையை நான் பார்த்ததில்லை. வழி மட்டும் உறுதியானது.

ரப்பரில் இன்னும் இரண்டு இருக்கிறது. ஒட்டு ரப்பரின் தண்டு ஏறக்குறைய உருளை போல நேராகப் போகும், விதைக்கன்று ரப்பர் மேலே போகப் போக ஒடுங்கும். இரண்டும் கலந்த பழைய விளையென்றால் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். அடுத்தது, ரப்பரை எடை போட்டு வாங்குகிறவர்களும் உண்டு. எடைமேடைச் சீட்டு உங்கள் கைக்கு வருமென்றால் அதுவும் நல்ல முறைதான். ஆனால் பச்சைத் தடியில் தண்ணீர் நிறைய. வெட்டின அன்று ஏற்றியதற்கும் நாலு நாள் வெயிலில் கிடந்து ஏற்றியதற்கும் எடை வேறு. கன அளவு அப்படியேதான் இருக்கும். ரப்பர் தடியில் நீலப் பூஞ்சையும் வண்டும் சில நாளிலேயே ஏறிவிடும், அறுத்து மருந்தேற்றும்வரை அதற்குப் பொறுமை கிடையாது. வியாபாரி அவசரப்படுத்துவதில் பாதி உண்மையான அவசரம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த அவசரம் வெட்டின பிறகுதான். நிற்கிற மரத்துக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

இந்தக் கணக்கு எவ்வளவு சரியாக வரும் என்று 2017இல் எனக்குப் பார்க்கக் கிடைத்தது, விரும்பாத வகையில். நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்ததே, அதற்குச் சில மாதம் முன்புதான் சொந்தக்காரர் ஒருவரின் தோட்டத்தில் ரப்பர் அளந்து கொடுத்திருந்தேன். புயலுக்கு மறுவாரம் போனால் பாதிக்கு மேல் வேரோடு சாய்ந்து கிடந்தது, சில நடுவில் முறுக்கி ஒடிந்திருந்தன. அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார், பேச்சே இல்லை. நான் என்ன சொல்வது என்று தெரியாமல் பழைய நோட்டை எடுத்து, விழுந்து கிடந்தவற்றைப் படுத்த நிலையில் அளக்க ஆரம்பித்தேன். தனித்தனியாகப் பார்த்தால் என் கணக்கு சில இடத்தில் மோசம். 9 கன அடி என்று எழுதின ஒரு மூடு 6தான் வந்தது, 5 என்று எழுதினது 7 வந்தது. ஆனால் கூட்டிப் பார்த்தால் மொத்தம் அநேகமாக ஒத்துப்போனது. கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. ஆனால் நான் நாடாவை எப்போதும் கொஞ்சம் தளர்த்திப் பிடிக்கிறவனாக இருந்திருந்தால் எல்லா மூட்டிலும் கூடுதலாகவே எழுதியிருப்பேன், அதைத் தின்ன எதிர்ப்பிழை இருந்திருக்காது. அங்குமிங்கும் சிதறும் பிழை எண்ணிக்கை கூடினால் தேயும். ஒரே பக்கம் சாயும் பிழை, 240 மரம் அளந்தாலும் 24,000 மரம் அளந்தாலும் அப்படியே நிற்கும்.

காட்டுக் கணக்கும் இதேதான். யாரும் ஒவ்வொரு மரமாக அளப்பதில்லை, அளக்கவும் முடியாது. 1856இல் பர்மாவின் பெகு பகுதித் தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பேற்ற டீட்ரிச் பிராண்டிஸ், யானைமேல் ஏறிக் காட்டினூடே கோடு கோடாகப் போய், இருபக்கமும் தெரியும் தேக்கைச் சுற்றளவு வகைக்கு ஒரு மூங்கில் துண்டு என்று வைத்துக்கொண்டு, மரத்துக்கு ஒரு வெட்டாகக் கத்தியால் கீறியே எண்ணினார் என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். அவர்தான் 1864இல் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளர் ஆனவர். பார்த்த கோட்டை வைத்துப் பார்க்காத காட்டைக் கணிப்பதுதான் அதன் சாரம். இன்று டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செய்வதும் அதுவே. 1965இல் வேறு பெயரில் தொடங்கி 1981இல் இந்தப் பெயருக்கு வந்த நிறுவனம் அது. நாட்டை 5 கிலோமீட்டருக்கு 5 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, தேர்ந்த இடங்களில் சிறு சிறு திட்டுகளை அளந்து, அதில் மார்பளவில் 10 சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேல் உள்ள மரங்களை எல்லாம் பதிவார்கள். விட்டத்திலிருந்து கன அளவுக்குப் போக, இனத்துக்கு ஒரு சூத்திரம் இருக்கும். முன்பு வெட்டிய மரங்களைத் துண்டு துண்டாக அளந்து உண்டாக்கியது. உங்கள் 0.005 இருக்கிறதே, அதன் பெரிய அண்ணன் அது.

திட்டு போடுவதில்தான் என் வாழ்நாள் அவமானம் ஒன்று இருக்கிறது. நாங்கள் போட்ட திட்டு 31.62 மீட்டர் பக்கம் உள்ள சதுரம், அதாவது 0.1 ஹெக்டேர். அது தட்டையாகக் கிடக்கும் தூரம், வரைபடத்தில் உள்ள தூரம். 30 பாகைச் சரிவில் நாடாவைத் தரையோடு விரித்து 31.62 என்று அடித்தால், மேலிருந்து பார்க்க அது 27.4 மீட்டர்தான். திட்டு நூற்றுக்கு 13 சிறுத்துவிடும், மரமும் அந்த அளவுக்குக் குறைவாக விழும். கீரிப்பாறைக்கு மேலே ஒரு நாள் முழுக்க நான் அப்படித்தான் அடித்திருக்கிறேன். மாலையில் மூத்தவர் ஒருவர், நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம், பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "சரிவு நாற்பது பாகைன்னு எழுதியிருக்கே, நாடா மட்டும் சமதளத்துல நடந்ததா?" என்று கேட்டார். அட்டை கடித்த காலோடு மறுநாள் எல்லாவற்றையும் திரும்ப அடித்தோம். கூட வந்த யாரும் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு வித்தை மட்டும் காட்டிவிடுகிறேன், உங்களுக்கு உதவாவிட்டாலும் பிடிக்கும். ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள அட்டைத் துண்டை 50 சென்டிமீட்டர் நூலில் கட்டி, நூலின் மறுமுனையைக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் அழுத்திக்கொண்டு நின்ற இடத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். மார்பளவில் அட்டையைவிட அகலமாகத் தெரியும் மரங்களை மட்டும் எண்ணுங்கள். 25 வந்தால், அந்தக் காட்டில் ஹெக்டேருக்கு 25 சதுர மீட்டர் அடிப்பரப்பு, அதாவது எல்லா மரத்தையும் மார்பளவில் குறுக்கே அறுத்து அடுக்கினால் வரும் பரப்பு. நாடாவே வேண்டாம். 1948இல் வால்டர் பிட்டர்லிஷ் என்ற ஆஸ்திரிய வனக்காரர் வெளியிட்டது. பெரிய மரம் தூரத்திலிருந்தும் எண்ணிக்கையில் விழும், சின்ன மரம் பக்கத்தில் நின்றால்தான் விழும், அதில்தான் சூட்சுமம். 1 ஏக்கர் 40 சென்டில் எல்லை தாண்டி அடுத்தவர் மரமும் விழுந்துவிடும் என்பதால் உங்களுக்கு இது வேண்டாம் என்கிறேன்.

ஆக, சும்மா அடித்துவிடுவதில்லை. ஆனால் அந்த எண்ணை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதில் ஜாக்கிரதை வேண்டும். வன ஆய்வு நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை நாட்டில் நிற்கும் மரத்தை 643 கோடி கன மீட்டர் என்கிறது. அதில் காட்டுக்குள் 447.9 கோடி, காட்டுக்கு வெளியே 195.1 கோடி. நாடு முழுமைக்கு ஆயிரக்கணக்கான திட்டுகள் பின்னால் நிற்பதால் அதை நம்பலாம். நம் மாவட்டம் சுமார் 1,680 சதுர கிலோமீட்டர். 25 சதுர கிலோமீட்டர் கட்டமாகப் பிரித்தால் 67 கட்டம்தான். அதற்குள் கடலோரத் தேரி மணலும் உண்டு, தோவாளைப் பக்கத்து வறண்ட முட்காடும் உண்டு, 1,600 மீட்டருக்கு மேல் போகும் மகேந்திரகிரிச் சோலையும் உண்டு. பிழையைப் பாதியாக்க வேண்டுமென்றால் திட்டு நாலு மடங்கு வேண்டும். ஆகவே நாட்டுக்குப் போட்ட சல்லடையை வைத்து வீரப்புலிக் காட்டில் எவ்வளவு, வேளிமலையில் எவ்வளவு என்று யாராவது தசம புள்ளியோடு சொன்னால், திட்டு எத்தனை என்று கேளுங்கள்.

அதே அறிக்கையில் நம் மாவட்டத்துக்கு மட்டும் பெரிதாக வேலை செய்யும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வானத்திலிருந்து பார்க்கும் செயற்கைக்கோள், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் நூற்றுக்கு 10க்கு மேல் விதானம் மூடியிருந்தால் அதை வனப்போர்வை என்று எண்ணும். நிலம் யாருடையது, மரம் என்ன மரம் என்று பார்க்காது. ரப்பர் தோட்டமும் தென்னந்தோப்பும் அதில் சேரும். குலசேகரத்திலிருந்து களியல் வரை பஸ்ஸில் போனால் கண்ணில் படும் பச்சையில் பெரும்பங்கு ரப்பர்தானே. தோட்டம் முழுதாக வெட்டி மறுநடவு நடந்தால் அந்த வருஷம் காடு குறைந்த மாதிரியும், கன்று குடை விரித்ததும் காடு கூடின மாதிரியும் படம் காட்டும். பச்சைப் பரப்பு வேறு, மர இருப்பு வேறு.

இருப்பு வேறு, கிடைப்பது வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் மலைக்காட்டின் பெரும்பகுதி வனவிலங்குச் சரணாலயம். அங்கே நிற்கும் கோங்கும் நாங்கும் கணக்கில் கன மீட்டராக வரும், சந்தைக்கு ஒரு குச்சியும் வராது, வரவும் கூடாது. மற்றக் காடுகளிலும் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு, ஒப்புதல் பெற்ற திட்டம் இல்லாமல் மரம் வெட்ட முடியாது. ஆகவே மார்த்தாண்டத்துச் சாமில்லில் இன்று அறுபடுவது உங்களைப் போன்றவர்களின் விளைத் தடிதான். நாடு முழுக்கவும் தொழிலுக்குப் போகும் மரத்தில் பெரும்பங்கு காட்டுக்கு வெளியேயிருந்துதான் வருகிறது.

அனுமதி விஷயம் சுருக்கமாக. உங்கள் சர்வே எண் 1949ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்திலோ 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்திலோ வருகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறை ரேஞ்ச் ஆபீசிலும் முதலில் கேளுங்கள். தேக்கு போன்ற தடியை லாரியில் கொண்டுபோவதற்கான சீட்டையும் அங்கேயே விசாரியுங்கள். "அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று வியாபாரி சொன்னால், பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் நிலம் உங்கள் பெயரில் இருப்பதால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

ஞாயிறுக்கு முன் நான் செய்யச் சொல்வது இவ்வளவுதான். தேக்கையும் அயினியையும் பலாவையும் ரப்பரோடு சேர்த்து மொத்தமாக விற்காதீர்கள்; அந்தப் பதினைந்து மரத்தை ஒவ்வொன்றாக அளந்து, ரப்பருக்குத் தனி விலை, இவற்றுக்குத் தனி விலை பேசுங்கள். கால்சுற்றா முழுக்கணக்கா, சுற்று நடுவிலா முனையிலா, பட்டை உள்ளேயா வெளியேயா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் பெயின்டால் எண் போடுங்கள், இரண்டு இடத்தில்: ஒன்று மார்பளவில், இன்னொன்று வெட்டு விழும் இடத்துக்குக் கீழே, வேரோடு ஒட்டி. மேலே உள்ள எண் தடியோடு லாரி ஏறிப் போய்விடும். கீழே உள்ளது உங்கள் விளையிலேயே இருக்கும், நோட்டோடு ஒப்பிட்டு எண்ணிக்கொள்ளலாம். சுண்ணாம்பில் எழுதாதீர்கள், இந்தப் பக்கத்து மழை ஒரே ராத்திரியில் கழுவிவிடும்.